குழந்தைகளுக்கு உகந்தது

லேபிள்களை எடுத்துப்போக வேன் வர இன்னும் இரண்டு மணி நேரம். கீர்த்திகாவுக்கு அப்போதுதான் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி பார்க்கத் தோன்றியது.

பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

பி.எஸ்சி. முடித்து, சிவகாசி அச்சகத்தில் பிழை பார்க்கச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டப்பா மூடியில் ஒட்டும் வட்ட லேபிள் அது. சிவப்பில் ஒரு மஞ்சள் வெடிப்பு, சிதறி ஓடும் பழுப்புப் பொறிகள், நடுவில் ‘மாஸக்கர்’. எழுத்து சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். எழுத்து சரிதான்.

"அண்ணே, இந்தப் பேரு..." என்றாள் மெஷின்மேன் மொக்கைச்சாமியிடம்.

"மாஸ்னு ஆரம்பிக்குது. பெறகென்ன தாயி?"

"ஈவு எரக்கமில்லாம, கூட்டங்கூட்டமாக் கொன்னு குவிக்கிறதுன்னு அர்த்தம்ணே."

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "ஏ ஆத்தீ! பச்சப்புள்ளைக விடுற சங்குசக்கரத்துக்கா?"

சீசனில் அந்த அச்சகத்துக்கு நீளமாக வந்தால் கம்பி மத்தாப்பு, வட்டமாக வந்தால் சங்குசக்கரம். யாரும் கேட்டுக்கொள்வதில்லை. கேட்கலாம் என்றால் முதலாளி சத்தியநாதன் மதுரையில் ஒரு சர்ச் கல்யாணத்தில் இருந்தார். செல்போனை அணைத்து வைத்திருந்தார்.

"போன வருசத்து மத்தாப்பு ஸ்டிக்கர் கெடக்கு. பேரு மேல ஒட்டிருவோம்" என்றார் மொக்கைச்சாமி.

ஒட்டினார்கள். ஸ்டிக்கர் ஒல்லி. ஈரப் பசையில் வழுக்கி, பெயருக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

கீர்த்திகா வாசித்தாள். மேலே, படுகொலை. கீழே, ‘குழந்தைகளுக்கு உகந்தது’.

"இதுக்கு மொதல்ல இருந்ததே தேவலண்ணே!" அவளுக்கு அழுகை முட்டியது. முதல் வேலை. முதல் சம்பளம்கூட இன்னும் வாங்கவில்லை.

"அழாத. மிட்டாய்க் கம்பெனி ஆர்டர்ல மிஞ்சுனது இருக்கு, நல்லா அகலமா."

அதில் ஒரு பாப்பா சப்புக்கொட்டிச் சிரித்தது. ஸ்டிக்கர் பெயரை முழுசாக மூடியது.

"சங்குசக்கரத்தப் பாத்து எதுக்குண்ணே சப்புக்கொட்டுது?"

"ஆசதான். ஒட்டு தாயி."

பைண்டிங் பெண்களும் கூட உட்கார்ந்தார்கள். கடைசிக் கட்டைக் கட்டும்போது வாசலில் ஹாரன் கேட்டது. கீர்த்திகா மூச்சு விட்டாள்.

வேன் டிரைவர் இருளாண்டி ஒரு லேபிளை உருவினார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"பேரு ரொம்பக் கொடூரமா இருந்துச்சுண்ணே. நாங்களே மறைச்சுட்டோம்" என்றாள் கீர்த்திகா. வெளியாளிடம் அவள் தானாக வாய் திறந்தது அந்த அச்சகத்தில் அதுதான் முதல்முறை.

இருளாண்டி தலையில் கை வைத்தார்.

"அது கொடூரமாத்தானம்மா இருக்கணும்! இது கரப்பான்பூச்சி மருந்து டப்பாவுக்குல்ல!"