கீழக்காலனியில் மூச்சுப் பயிற்சி முகாம்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எல்லோருக்கும் நன்மை. நாம் போய்க் குளிப்போம். ஷாம்பு பாக்கெட்டையும் பிரியாணிப் பொட்டலத்தையும் அங்கேயே போட்டுவிட்டுப் புத்துணர்ச்சியோடு ஊர் திரும்புவோம். பக்கத்துப் பேரூராட்சி அதையெல்லாம் வாரிக்கொண்டு போய், தன் ஊருக்கும் அதற்குக் கிழக்கே உள்ள கீழக்காலனிக்கும் நடுவே போட்டு எரிக்கும். சீசன் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் புகை ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. நேரே காலனிக்குத்தான் போகும்.

காலனியில் சத்யபிரியாவின் மகள் அனுசியாவுக்கு ஆறு வயது. ஆனி பிறந்தால் அவளுக்கு வீசிங் வந்துவிடும். பிள்ளை மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு பெற்றவளால் சும்மா இருக்க முடியுமா? பேரூராட்சிச் செயல் அலுவலர் நாறும்பூநாதன் முன்னால் போய் நின்றாள்.

"பொகை எங்க வேலை இல்லம்மா. காத்துல்லா கொண்டு வருது? அது கேரளாவுல இருந்து வருத காத்து. ரெண்டு மாநில விவகாரம்."

"அப்ப ஊருக்கு மேக்க போட்டு எரிங்க சார்."

நாறும்பூநாதன் பதறிப்போனார். "மேக்க எரிச்சா பொகை ஊருக்குள்ளல்லா வரும்!"

"நாங்க ஊரு இல்லியா சார்?"

"ஊருதாம்மா. ஆனா ஊருக்குள்ள இல்லல்லா?"

விஷயம் தீவிரமாகப் பரிசீலிக்கப்பட்டது. காற்றின்மீதும் குற்றமில்லை, குப்பையின்மீதும் குற்றமில்லை. ஆகவே குற்றம் காலனி மக்களின் மூச்சில்தான் இருக்க வேண்டும் என்று அலுவலகம் கண்டுபிடித்தது. பாவம், அவர்களுக்கு முறையாக மூச்சுவிட யாரும் சொல்லித்தரவில்லை. உடனே பிளெக்ஸ் கட்டி, பச்சைப் பாய் விரித்து மூச்சுப் பயிற்சி முகாம் தொடங்கப்பட்டது. ரிசார்ட்டில் பணக்காரர்களுக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுக்கும் கிங்ஸ்லி மாஸ்டர் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லா இழுங்க. பிரபஞ்சத்தையே உள்ள இழுங்க" என்று சொல்லி, தாமே இழுத்துக் காட்டினார்.

பிரபஞ்சம் டயர் நாற்றத்தோடு உள்ளே போனது. மாஸ்டருக்குக் கண் செருகியது. ஆம்புலன்ஸில்தான் திரும்பிப் போனார்.

அனுசியாவுக்காக வராத அவசரம் மாஸ்டருக்காக அலுவலகத்துக்கு வந்தது. அன்று சாயங்காலமே நாறும்பூநாதன் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"குப்பையை மாத்திருதோம். எங்கன போடலாம்னு நீயே சொல்லும்மா. மக்கள் பங்கேற்போட செய்யணும்னு உத்தரவு."

சத்யபிரியா சுற்றிலும் பார்த்தாள். காலனிக்குக் கிழக்கே, பழைய பாட்டில் பொறுக்கிப் பிழைக்க வந்தவர்களின் தார்ப்பாய்க் குடிசைகள். அங்கே ஒருத்தி கைப்பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் அனுசியா இருமினாள்.

"அந்தா, அந்தக் குடிசைக்கு முன்னால போடுங்க சார்."

"அங்கன ஆளுக இருக்காவளேம்மா?"

"பக்கத்துலயே கெடந்தா பொறுக்குததுக்கு அவுகளுக்கும் வசதிதான சார்."

இப்படி ஒரு காரணம் இத்தனை வருட சர்வீஸில் தமக்குத் தோன்றவில்லையே என்று நாறும்பூநாதன் வியந்துபோனார். சத்யபிரியாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. மறுவாரம் அனுசியா மூச்சிரைக்காமல் பள்ளிக்கூடம் போனபோது அந்த வெட்கமும் போய்விட்டது.