சந்தனப் பொட்டு வெச்ச மெமரி கார்டு

அன்னைக்கு வேலை ரொம்பச் சின்னது. ரெண்டு மெமரி கார்டு. ஒண்ணு எழுதக்கூடியது. இன்னொண்ணு, ஓரத்துல இருக்கற பூட்டைத் தள்ளி, படிக்க மட்டும்னு ஆக்கினது. ரெண்டுலயும் 'சிங்க்' கட்டளையை ஓட்டிப் பாக்கணும்.

சிங்க்னா வேற ஒண்ணுமில்ல. "எழுதச் சொன்னதெல்லாம் கார்டுல போய்ச் சேந்துச்சா?"ன்னு கேக்கறது.

நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல உக்காந்து, மெமரி கார்டு வழியா தறிக்கு டிசைன் அனுப்பற சாஃப்ட்வேர் எழுதறவன். முதல் கார்டு 'சரி'ன்னுச்சு. பூட்டின கார்டு கத்தும்னு பாத்தா, அதுவும் 'சரி'ன்னுச்சு.

அதுல எதுவுமே எழுதல. சேர வேண்டியது ஒண்ணும் இல்லாததால எல்லாம் சேந்தாச்சுங்குது. எனக்கு அது புரிஞ்சிருக்கணும். பசி வேற. ரெண்டும் பாஸ்னு குறிச்சுட்டு சாப்பிடப் போயிட்டேன்.

மறுநாள் ராசிபுரத்துல சுலோச்சனாக்கா தறிக்கூடம். அவங்க பொண்ணு திவ்யாவுக்குக் கல்யாணம். முந்தானையில பொண்ணு மாப்ள பேரு நெய்யணும்.

"போன ஆர்டர் பொண்ணு பேரும் திவ்யாதானுங்க தம்பி. அதே டிசைன்ல மாப்ள பேர மட்டும் கோகுல்னு மாத்திக் குடுத்துருங்க."

தறியோட கார்டுல ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனப் பொட்டு காஞ்சு ஒட்டியிருந்துச்சு. பயபக்தியா தொடச்சேன். தொடச்ச வேகத்துல ஓரத்துப் பூட்டு நகந்தது எனக்குத் தெரியாது. கார்டு 'எழுத முடியாது'ன்னதை என் சாஃப்ட்வேர் காதுலயே வாங்கல. சிங்க் சொன்ன 'சரி'யை மட்டும் நம்பி, "பத்திரமாக எழுதப்பட்டது"ன்னு காட்டுச்சு. காப்பி குடிச்சுட்டுக் கிளம்பினேன்.

நாலு நாள் கழிச்சு அக்கா போன் பண்ணாங்க. "தம்பி, ஊட்டுக்கு வாங்க. சம்பந்தியம்மா சேலை பாக்க வந்துருக்காங்க."

பாராட்டத்தான் கூப்பிடறாங்கன்னு நல்ல சட்டையா போட்டுட்டுப் போனேன்.

சேலை விரிஞ்சு கெடந்துச்சு. முந்தானையில 'திவ்யா – செந்தில்'. போன ஆர்டர் மாப்ள!

சம்பந்தியம்மா கெளம்பத் தயாரா நின்னுட்டு இருந்தாங்க. "ஏனுங்க, ஆருங்க இந்தச் செந்திலு? சொல்லீட்டீங்கன்னா நாங்க பாட்டுக்குப் போயிர்றோம்."

அக்கா அழுதுட்டாங்க. என் சோம்பேறித்தனத்தால ஒரு கல்யாணம் நிக்கப் போகுது. தைரியமா முன்னால போனேன்.

"அவங்க மேல தப்பில்லீங்கம்மா. இதுக்கெல்லாம் நான்தானுங்க காரணம்."

என் சட்டையை ஏற எறங்கப் பாத்தாங்க. "தம்பி பேரு?"

"செந்திலுங்க."

ரெண்டு மணி நேரம் கார்டு, பூட்டு, சந்தனம்னு வெளக்கி, போன ஆர்டர் கல்யாணப் பத்திரிகையைத் தேடிக் காட்டின பொறவுதான் அவங்க உக்காந்தாங்க.

இப்பல்லாம் எழுதினதைத் திரும்பப் படிச்சுப் பாத்துட்டுத்தான் பாஸ் போடறேன். புதுச் சேலையில கோகுல் பேரு அழகா வந்துச்சாம். கல்யாணத்துக்கு என்னை மட்டும் கூப்பிடல.