மதோபா டீச்சரின் கிண்ணம்

உடோன் நூடுல்ஸின் கடைசி இழையை உறிஞ்சி முடித்த பிறகுதான் தெய்ஜியின் கண்ணில் அந்த மரப்பெட்டி பட்டது. அரிசிக் குக்கருக்குப் பக்கத்தில், ஊதா நாடா அவிழ்ந்து, வாய் திறந்து கிடந்தது. உள்ளே பட்டுத்துணி இருந்தது. கிண்ணம் இல்லை. மூடியில் தூரிகையால் எழுதியிருந்த பெயர்: மதோபா.

தெய்ஜி தன் கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தார். கோணல் வாய். சோகை பிடித்த ஆரஞ்சு நிறம். மெருகு முழுக்க மயிரிழை வெடிப்புகள். ஹாகி ஊரில் சூளைக்காரர்கள் கழித்துப் போட்ட கிண்ணங்கள் வீட்டுக்கு நாலு கிடக்கும். அதில் ஒன்று என்று நினைத்துத்தான் மேடையில் இருந்ததை எடுத்து, நேற்றைய மிச்சக் கறிக்குழம்பு உடோனைச் சுடச்சுட இதில் ஊற்றிக்கொண்டார். இப்போது ஒவ்வொரு வெடிப்பும் மஞ்சள் குழம்பைக் குடித்துவிட்டுப் பளிச்சென்று நின்றது.

இருபத்தாறு வருஷமாக மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர். பனிமூட்டத்திலும் பதறாதவர். மனைவிக்குத் தேநீர்க் கலை சொல்லிக்கொடுக்கும் மதோபா டீச்சர் எதிரே வந்தால் மட்டும் அவர் தெரு மாறிப் போய்விடுவார். அந்த அம்மாள் யாரையும் அதட்டியதில்லை. ஒரு மாணவி கிண்ணத்தின் முகத்தை, அதாவது அதன் அழகான பக்கத்தை, தப்பாகத் திருப்பி வைத்தபோது "ஓ" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் குடும்பத்தோடு ஹிரோஷிமாவுக்குக் குடிபோய்விட்டாள்.

இன்று ஒரு மணிக்கு அந்த டீச்சர் இந்த வீட்டுக்கு வருகிறார். தெய்ஜியின் மனைவி ஃபுசாயே பதினோரு வருஷம் படித்து, முதல்முறையாகத் தானே தேநீர் விருந்து நடத்துகிறாள். நன்றாக நடந்தால் அவளும் டீச்சர் ஆகலாம். அதற்காக மூன்று வாரத்துக்கு முன்பே டீச்சர் தன் சொந்தக் கிண்ணத்தை இரவல் கொடுத்திருந்தார்.

போன் அடித்தது. ஃபுசாயே, கிமோனோ உடுத்திவிடும் கடையிலிருந்து.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"ம்... ஆச்சு."

"சமையல்கட்டுல டீச்சரம்மாவோட கிண்ணம் இருக்கு. சொல்ல மறந்துட்டேன்."

"இருக்கு, இருக்கு. பத்திரமா இருக்கு."

ஃபுசாயே குரலைத் தாழ்த்தினாள்.

"கீழ கீழ போட்டுடலையே?"

"நானா? சே!"

"நிஜமா ஒண்ணும் ஆகலையா?"

"ஒண்ணுமே ஆகலடி!"

"சரி" என்று செத்த குரலில் சொல்லிவிட்டு வைத்தாள். மோப்பம் பிடித்துவிட்டாள் என்றே தெய்ஜி நினைத்தார். மணி பத்தேகால்.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு. நுரை பொங்கப் பொங்கத் தேய்த்தார். மஞ்சள் போகவில்லை. கறி வாசனையோடு எலுமிச்சை வாசனையும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் கறை பிடித்தால் ஃபுசாயே சோடா உப்புப் போடுவாள் என்பது ஞாபகம் வந்தது. இரண்டு கரண்டி போட்டு, கொதிக்கும் வெந்நீரை விளிம்பு வரை ஊற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றார்.

அஞ்சாவது நிமிஷம் மேடையில் ஈரம் தெரிந்தது. துடைத்தார். மறுபடி ஈரம். கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு சொட்டு தொங்கி, பெருத்து, விழுந்தது.

தெய்ஜி இன்னொரு சொட்டை விரலில் ஏந்திப் பார்த்தார். கறை என்றால் காலாகாலமாக இருந்தது என்று சாதிக்கலாம். ஒழுகுகிற கிண்ணத்தை என்ன சொல்லிச் சாதிப்பது? கொதிநீர் ஊற்றி விரிசல் விட்டுவிட்டோம்! "ஓ" என்கிற அந்தக் குரல் காதுக்குள்ளேயே கேட்டது. தனக்கு ஹிரோஷிமாவில் பஸ் வேலை கிடைக்குமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார்.

அவர் வண்டியில் ஏறும் சூளைக்காரர்கள் பேசிக்கொள்வது நினைவுக்கு வந்தது. புதுக் கிண்ணம் கசிந்தால் கஞ்சித் தண்ணியில் போட்டுக் காய்ச்சணும், பசை உள்ளே இறங்கி ஓட்டையை அடைச்சுக்கும். அரிசியை அள்ளிப் பானையில் போட்டார். கிண்ணத்தை உள்ளே இறக்கினார். தீ சின்னதாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர்கள் சொன்னதும் ஞாபகம் வந்தது, கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்த பிறகு.

வெளியே எடுத்தால், கிண்ணம் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. ஈரம் குடித்த மண். அதன் அடிக்காலில், கிண்ணம் நிற்கும் வளையத்தில், இருந்த வெட்டுக்குள் ஒரு சோற்றுப் பருக்கை உட்கார்ந்திருந்தது. பல்குத்தும் குச்சியால் அதை நோண்டி எடுத்தார். மனைவியின் ஹேர் டிரையரை எடுத்துவந்து காட்டினார். கறுப்பு மெல்ல மெல்ல வெளுத்தது. கூடவே, சூடு ஏற ஏற, கறி வாசனை சமையல்கட்டை விட்டு வரவேற்பறை வரைக்கும் நடந்து போனது. அவர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மேடையில் கிடந்த நாரத்தைத் தோலால் கிண்ணத்தை உள்ளும் புறமும் தேய்த்தார்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். கசியவில்லை. தட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வாசல் கதவு நகரும் சத்தம். ஃபுசாயே கிமோனோவோடு வந்தாள், பின்னாலேயே பக்கத்துவீட்டு தொமோயோ. இருவரும் சேர்ந்து படிக்கிறவர்கள். இன்று பின்னறையில் பாத்திரம் கழுவித் தருவது தொமோயோவின் பொறுப்பு. ஃபுசாயே செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நேரே சமையல்கட்டுக்கு ஓடினாள். கிண்ணத்தைப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"உடையல..." என்றாள்.

"ஏன் உடையணும்?" என்றார் தெய்ஜி.

"இல்ல, சும்மா கேட்டேன்." அவள் தொமோயோவைப் பார்த்தாள். தொமோயோ கூரையைப் பார்த்தாள்.

ஒரு மணிக்கு மதோபா டீச்சர் வந்தார். சாம்பல் நிறக் கிமோனோ, குச்சி மாதிரி நிமிர்ந்த முதுகு. கூடவே மிட்டாய்க்கடை ஒகாபே. ஆள் குறையக்கூடாது என்று தெய்ஜியையும் மூன்றாவது விருந்தாளியாக உட்கார வைத்திருந்தார்கள். முழங்கால் மடக்கி உட்கார்ந்தவருக்குக் கால் மரத்தது தெரியவில்லை. மனசே மரத்துப்போயிருந்தது.

ஃபுசாயே வெந்நீர் ஊற்றிக் கிண்ணத்தைச் சூடாக்கினாள். அவள் கண் கிண்ணத்துக்கு அடியில் பாயின்மேலேயே இருந்தது. மஞ்சளைப் பார்த்துவிட்டாள், செத்தேன் என்று தெய்ஜி நினைத்தார். பச்சைத் தேயிலைத் தூள் விழுந்தது. தேநீர் அடிக்கும் மூங்கில் மத்து சலசலத்தது. கிண்ணத்தைத் தூக்கி டீச்சர் முன் வைத்தாள். கிண்ணம் இருந்த இடத்தையே வெறித்தாள். பாய் காய்ந்துதான் இருந்தது. அவள் முகத்தில் நிம்மதியும் இல்லை, பயமும் இல்லை. பேயைக் கண்டவள் மாதிரி இருந்தாள்.

டீச்சர் கிண்ணத்தை இடது உள்ளங்கையில் ஏற்றினார். இரண்டு முறை திருப்பினார். வாய்க்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார்.

மூக்கு லேசாக அசைந்தது.

தெய்ஜி திறந்த ஜன்னலைப் பார்த்தார். டீச்சர் குடித்தார். விளிம்பைத் துடைத்தார். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு கிண்ணத்தை உருட்டி உருட்டிப் பார்த்தார். அடிக்காலைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஓ" என்றார்.

தெய்ஜி கண்ணை மூடிக்கொண்டார்.

"என்கிட்ட இருந்தப்ப இதுக்கு முகமே இல்ல, ஃபுசாயே. இப்ப பாரு, வெடிப்பெல்லாம் பொன் ஓடியிருக்கு. டீ ஊற ஊறத்தானே ஹாகிக் கிண்ணத்துக்கு நிறம் ஏறும். மூணு வாரத்துல எத்தனை நூறு தடவை இதுல டீ போட்டுப் பழகியிருப்ப நீ?"

ஃபுசாயே தலையைப் பாயில் பதித்து வணங்கினாள். எழவே இல்லை.

"கையில பிடிச்சா பூனைக்குட்டி மாதிரி கதகதன்னு உட்காருது. உதட்டுக்கும் இதமா இருக்கு. பொம்மை மாதிரி அலமாரியில வெச்சிருந்தது என் தப்பு" என்றார் டீச்சர். "நீயே வெச்சுக்க. மாணவிகளுக்கு இதுலதான் சொல்லிக் குடுக்கணும்."

ஒகாபே கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். "ஏனோ தெரியல டீச்சர், இதைக் கையில வாங்கினதும் பயங்கரமா பசிக்குது."

"நல்ல கிண்ணம் அப்படித்தான்" என்றார் டீச்சர்.

அவர்களை வழியனுப்ப ஃபுசாயே தெருமுனை வரை போனாள். மரத்த கால்களை இழுத்துக்கொண்டு தெய்ஜி பின்னறைக்கு வந்து சேர்ந்தார். தொமோயோ பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மனசுக்குள் வைத்திருக்க இனி அவரால் முடியவில்லை.

"தொமோயோ, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஃபுசாயேக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா. காலையில அந்தக் கிண்ணத்துல கொதிநீர் ஊத்தி விரிசல் விட வெச்சு, ஒழுகடிச்சது நான்தான். கஞ்சி காய்ச்சி அடைச்சேன்."

தொமோயோ துணியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அட நீங்க ஒண்ணு! நேத்து சாயங்காலமே அதைக் குழாய்ல இடிச்சு ஒழுக விட்டது உங்க வீட்டம்மாதான்; நீங்க எப்படியும் சுக்குநூறா உடைச்சு வெச்சுடுவீங்க, பழி உங்க தலையில விழுந்துடும்னு நம்பித்தானே பாவம் அதை உங்க கண்ணுல படுற மாதிரி வெச்சுட்டுப் போனா!"