பக்கத்துக்கு ஒரு அடி

விசுவாசத்திலும் அன்பிலும் ஐக்கியத்திலும் வளர்ந்து, வளர்ந்ததற்குச் சான்றாகக் கேடயமும் வாங்கி, அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டியும் வைத்திருக்கிற திருச்சபை ஜவ்வாது மலையில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் நெல்லிமரத்தூர் சபை. அதன் ஐக்கிய வளர்ச்சிக் குழுவுக்குச் செயலாளராக இருக்கும் பாக்கியம் அடியேனுக்குக் கிடைத்தது. எனக்கு எழுதத் தெரியும். கூட்டத்தில் வாயைத் திறக்கத் தெரியாது. செயலாளருக்கு வேண்டிய இரண்டு தகுதியும் இருந்ததால் என்னைப் போட்டார்கள். அதற்கு முன் இருபது வருடம் காட்டில் மரம் அறுத்தவன். ரம்பத்தின் ஒரு முனையை இழுத்தே தோள் காய்த்துப்போனவன்.

எங்கள் சபையில் சாதி கிடையாது. அந்த வார்த்தையை யாரும் உச்சரிக்கக்கூடாது என்று 1974-லேயே தீர்மானம் போட்டாயிற்று. அதற்குப் பதிலாக எங்களிடம் ‘பக்கம்’ இருந்தது. வடபக்கத்தார் மலையிலேயே பிறந்து சாமை விதைக்கிறவர்கள். தென்பக்கத்தார் ரோடு போடவும் மரம் வெட்டவும் சந்தவாசலிலிருந்து ஏறி வந்து, இறங்கிப் போனால் அங்கே ஒன்றுமில்லை என்று தங்கிவிட்டவர்கள். நான் தென்பக்கம். ஜெபக்கூடத்தில் வடக்கே ஒரு பாய், தெற்கே ஒரு பாய். நடுவில் ஒரு முழம் இடம் விட்டிருப்போம். பரிசுத்த ஆவியானவர் நடந்து போக வழி வேண்டும் அல்லவா? இராப்போஜனத்துக்குக் கிண்ணம் இரண்டு. அது ‘சுகாதாரத்துக்காக’.

1979 ஐப்பசியில் திருப்பத்தூர் தபாலில் எங்கள் வட்டத் தலைமையிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்த வருடம் ‘வளர்ச்சி ஆண்டு’. விசுவாசத்துக்கு முப்பது மதிப்பெண், அன்புக்கு முப்பது, ஐக்கியத்துக்கு நாற்பது. மற்ற சபைகளையெல்லாம் ஐக்கியத்தில் தோற்கடிக்கிற சபைக்குக் கேடயம். கூடவே நான்கு பக்கப் படிவம்.

குழு கூடியது. முதல் கேள்வியை நான் வாசித்தேன்: ‘சென்ற ஆண்டைவிட உங்கள் சபையில் அன்பு எத்தனை சதவிகிதம் வளர்ந்துள்ளது?’

எங்கள் ஜெபக்கூடத்தை நடத்துகிற உபதேசியார் ராஜாக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

“பதினெட்டுன்னு போடுங்க.”

“இருவதுன்னே போட்டுடலாமே,” என்றார் வடபக்க மூப்பர் சக்கரவர்த்தி.

“முழுசா போட்டா நம்ப மாட்டாங்க மூப்பரே.”

தென்பக்க மூப்பர் கண்ணாயிரம் தொண்டையைச் செருமினார். “எங்க பக்கத்துல அன்பு ஜாஸ்தி. எங்களுக்குத் தனியா இருவத்தஞ்சு போடுங்க.”

“அப்போ எங்களுது இன்னா, கருகிப் போச்சா?”

“நான் அப்டியா சொன்னேன்? கொஞ்சம் மெதுவா முளைக்குதுன்னு சொல்றேன்.”

அன்பைப் பற்றிய விவாதம் என்பதால் யாரும் கை ஓங்கவில்லை. பதினெட்டில் முடிந்தது.

கடைசிக் கேள்வியில்தான் கேடயம் இருந்தது. ‘ஐக்கியத்தின் கண்கூடான அடையாளம் ஒன்று ஜெபக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளதா? (20 மதிப்பெண்)’

அரை மணி நேரம் யோசித்தோம். இரண்டு பக்கமும் சேர்ந்து வைத்துக்கொண்டிருந்த பொருள் ஊரில் ஒன்றுதான் இருந்தது. டோலிக் கழி.

ஊரிலிருந்து பஸ் வரும் ரோட்டுக்கு ஆறு மைல். நடந்து இறங்க முடியாதவர்களை டோலியில்தான் தூக்கிப் போக வேண்டும். பன்னிரண்டடி மூங்கில் கழி. நடுவே தடித்த ஜமக்காளத்தைத் தொட்டில்போலக் கட்டி ஆளைப் படுக்க வைப்போம். முன்னால் இரண்டு தோள், பின்னால் இரண்டு தோள். அந்தக் கழியை வெட்டிக் கொடுத்தவன் ரங்கன். அவன் சபைக்கு வராதவன். அவன் சாமி வேறு. அடுப்புக்கு மேலே இரண்டு வருடம் புகையில் போட்டு, இரும்பு மாதிரி ஆக்கிக் கொடுத்தான். ஜெபக்கூடத்து வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டில் மூன்று அடி விழுந்தால், யார் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வருவது வழக்கம். இறக்கத்தில் உயரமானவன் முன்னால், குள்ளமானவன் பின்னால். அப்போதுதான் கழி மட்டமாக நிற்கும். ஒன்பது வருடத்தில் பாம்பு கடித்தவர், மரத்திலிருந்து விழுந்தவர், பிள்ளைத்தாய்ச்சிகள் என்று முப்பது பேருக்கு மேல் அதில் இறங்கியிருக்கிறார்கள். தோளுக்கு உயரம் பார்த்தோமே தவிர பக்கம் பார்த்ததில்லை. இப்படி ஒரு ஒழுங்கீனம் ஒன்பது வருடமாக நடந்திருப்பதைக் குழு அன்றுதான் கவனித்தது.

“இதுதான் ஐக்கியம்,” என்றார் உபதேசியார். “வெள்ளை பெயிண்ட் அடிச்சி, வசனம் எழுதி, பீடத்துக்குப் பின்னாடி சொவத்துல அடிச்சிடலாம்.”

சுவரை அளந்தேன். பத்தடி. கழி பன்னிரண்டடி.

“சாச்சி வச்சா நிக்கும்,” என்றேன். அந்தக் குழுவில் நான் சொன்ன முதல் கருத்து அது.

சக்கரவர்த்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சாச்சா ஒரு மொனை மேல போவும், ஒரு மொனை கீழ போவும். எந்த மொனை கீழ போவுது?”

கருத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன். கழியை அறுப்பது என்று முடிவானது. எந்த முனையில் அறுப்பது என்று இரண்டு மணி நேரம் பேசினோம். வடக்கு முனையில் அறுத்தால் வடபக்கத்துக்கு இழுக்கு. தெற்கு முனையில் அறுத்தால் தென்பக்கத்துக்கு. கடைசியில் உபதேசியாருக்குத் தேவ வெளிச்சம் கிடைத்தது. ஐக்கியத்தின் பொருட்டுப் பக்கத்துக்கு ஒரு அடி அறுப்பது. அறுத்த துண்டுகள் வீணாகாமல் பீடத்தின் வடக்கிலும் தெற்கிலும் மெழுகுவர்த்தி தாங்கிகளாக நிற்கும்.

அறுத்தது நான். வீட்டிலிருந்து ரம்பம் எடுத்துவந்து, நூல் பிடித்து, மயிரிழை பிசகாமல் அறுத்தேன். கழியின் பதம் தெரிந்தவன் நான். இரண்டு முனையிலும் ஒரு அடி போனால் முன்னால் ஒரு தோள், பின்னால் ஒரு தோள்தான் நிற்கும் என்பதும் தெரியும். நான் செயலாளர், எழுதிக்கொண்டேன்.

அறுத்துக்கொண்டிருக்கும்போது குப்பம்மாள் தலையில் விறகுக் கட்டோடு வந்து நின்றாள். தென்பக்கத்து விதவை. ஒரே மகன் கீழ்நாட்டுக்குக் கரும்பு வெட்டப் போயிருந்தான். மருமகள் நீலாவதிக்கு ஆறாம் மாதம்.

“இன்னா பண்றீங்க எல்லாம் சேந்துக்கினு?”

“ஐக்கியத்துக்கு அடையாளம் வைக்கிறோம்மா,” என்றார் உபதேசியார்.

“அது தூக்கற சாமானுங்க. மாட்டி வைக்கிற சாமானா? எம் மருமவளுக்கு மாசியில நாளு. அப்போ இன்னா, சொவத்தைத் தூக்கிக்கினு போவீங்களா?”

“விசுவாசம் வேணும்மா. அதுக்கும் முப்பது மார்க் இருக்குது.”

“மார்க்கு வந்து தோள் குடுக்குமா?”

அவள் கேள்வியின் நியாயத்தைக் குழு உணர்ந்தது. புதுக்கழி வெட்ட உடனே ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழுவுக்குத் தலைவர் எந்தப் பக்கத்தவர் என்பது முடிவாகாததால் மாசி வரை அது கூடவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேடயத்தோடு வட்டத் தலைவரான பெரிய ஐயா ஆறு மைல் நடந்து ஏறி வந்தார். கழி சாமந்தி மாலையோடு சுவரில் இருந்தது. ‘சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மை’ என்று சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்தோம். அவர் கண் கலங்கிவிட்டது. வரவேற்புப் பாட்டை இரண்டு பக்கமும் பாடினோம். தென்பக்கம் ஒரு வரி முந்தி முடித்தது. பெரிய ஐயா ஐக்கியத்தைப் பற்றிப் பிரசங்கத்தைத் தொடங்கினார்.

தண்டவாளத்தில் மூன்று அடி விழுந்தது.

பழக்கதோஷத்தில் ஆம்பிளைகள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். வடபக்கம், தென்பக்கம், இரண்டிலும். உபதேசியார் கையை அமர்த்திக் காட்டி உட்கார வைத்தார். குப்பம்மாள் வாசலில் நின்றாள்.

“காலையிலேர்ந்து நோவு. பிள்ள குறுக்க நிக்குது. கழியக் குடுங்க.”

“ஆசீர்வாதம் முடியட்டும்மா,” என்றார் உபதேசியார்.

“அது முடியற வரைக்கும் அவ தாங்க மாட்டாளுங்க.”

பெரிய ஐயா மனம் இளகியவர். பிரசங்கத்தை அங்கேயே நிறுத்தினார். “அந்தச் சகோதரிக்காக நாம் எல்லோரும் ஒருமனப்பட்டு ஜெபிப்போம்,” என்றார். இருபது நிமிடம் ஜெபித்தோம். சபை அன்று ஒருமனப்பட்டிருந்தது என்பதற்கு நான் சாட்சி.

பிறகு மாலையைக் கழற்றி, ஒன்பது ஆணியைப் பிடுங்கிக் கழியை இறக்கினோம். ஒவ்வோர் ஆணியும் நான் அடித்தது, நன்றாகவே அடித்திருந்தேன். ஜமக்காளத்தைக் கட்டி, பெண்கள் வீட்டிலிருந்து தாங்கி வந்த நீலாவதியை ஜெபக்கூடத்து வாசலில் அதில் படுக்க வைத்தோம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாசல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் ஒருவன் நிற்க இடமிருந்தது. பின்னால் ஒருவன். முன்னால் ஒருவன் என்றால், யார் பக்கத்து ஒருவன்?

“மொத ஆளு எங்க பையன்,” என்றார் சக்கரவர்த்தி. “வழி எங்களுக்குத்தான் தெரியும்.”

“பொண்ணு எங்க பக்கம்,” என்றார் கண்ணாயிரம். “உங்க பின்னாடி நாங்க வரணுமா?”

“யாரு முன்னாடி போனா இன்னா, கர்த்தர்தான் முன்னே போறாரு,” என்றார் உபதேசியார்.

“அப்போ அவுரயே தூக்கச் சொல்லுங்க,” என்றாள் குப்பம்மாள்.

பெரிய ஐயாவின் முன்னிலையில் இப்படி ஒரு சொல் வந்ததில் இரண்டு மூப்பர்களும் ஒருசேர வருத்தப்பட்டார்கள். அவளைக் கண்டித்தார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

அதற்குள் சத்தம் கேட்டு ரங்கன் வந்தான். வெள்ளைக் கழியைப் பார்த்தான். முனையைக் கையால் தடவிப் பார்த்தான்.

“எவன்யா அறுத்தது?”

நான் குனிந்து ஜமக்காளத்து முடிச்சை இறுக்கினேன். அவன் திரும்பிப் போய்த் தன் ஆட்டுக் கொட்டகையின் நடுக் கழியை உருவினான். கூரை ஒரு பக்கமாக உட்கார்ந்தது. ஆடுகள் சிதறி ஓடின. ஜமக்காளத்தை அந்தக் கழிக்கு மாற்றினோம். ரங்கன், அவன் தம்பிகள் இரண்டு பேர். நாலாவது தோள் நான். ஜெபக்கூடத்திலிருந்து இன்னும் சிலர் எழுந்தார்கள். எழுந்து மூப்பர்களின் முகத்தைப் பார்த்தார்கள்.

நான்காவது மைலில், ஓடைப் பாறையில் இறக்கச் சொன்னாள் குப்பம்மாள். எங்களைத் திரும்பி நிற்கச் சொன்னாள். வெகுநேரம் நின்றோம். ஆண் குழந்தை. அழவில்லை.

ரோட்டில் ஒரு புளி லாரி கிடைத்தது. நீலாவதி பிழைத்துக்கொண்டாள். கீழே இருந்த டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே, “எப்போ நோவு எடுத்துச்சு, எப்போ கிளம்பனீங்க?” என்று கேட்டார். இரண்டையும் சொன்னேன்.

மறுநாள் நாங்கள் ஏறி வந்தபோது வெள்ளைக் கழி பழையபடி சுவரில் இருந்தது. அதன் மேலே கேடயம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

எங்கள் கல்லறை மேட்டிலும் வடபக்கம் உண்டு, தென்பக்கம் உண்டு. நடுவில் அதே ஒரு முழம் உண்டு. குப்பம்மாள் யாரையும் கேட்கவில்லை. அந்த ஒரு முழத்தில் குழி தோண்டினாள். பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது. பிறகு ஜெபக்கூடத்துக்குள் போய், பீடத்தின் இரண்டு பக்கமும் நின்ற மெழுகுவர்த்தித் துண்டுகளைப் பிடுங்கி வந்தாள். ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்கே வைத்து, டோலிக் கயிற்றால் கட்டிச் சிலுவையாக நட்டாள். எங்கள் சபையில் வடக்கும் தெற்கும் ஒரே கட்டுக்குள் இருப்பது அங்கே மட்டும்தான்.

குழு அவசரமாகக் கூடியது.

“நடு எடம் பரிசுத்த ஆவியானவரோடது. அதுல எப்டி வெக்கலாம்?” என்றார் உபதேசியார்.

“சின்ன குழிதானே, போவுது,” என்றார் கண்ணாயிரம் பெருந்தன்மையாக.

சக்கரவர்த்தி சன்னல் வழியாகக் கல்லறை மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அவர் கலங்கிப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். கடைசியில் கேட்டார்:

“அந்தச் சிலுவையில நிக்கிற கட்டை எந்தப் பக்கத்துது? படுத்திருக்கிறது எந்தப் பக்கத்துது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அறுத்தவன் நான்தானே, வெட்டுவாயைப் பார்த்தாலே தெரியும். நிற்பது தெற்கு, படுத்திருப்பது வடக்கு என்று உண்மையைச் சொன்னேன். கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டைகளை மாற்றிக் கட்டுவது, முதல் முறை உடனே மாற்றுவது என்று தீர்மானம் நிறைவேறியது. ஏகமனதாக. எங்கள் சபையின் சரித்திரத்தில் அப்படி நிறைவேறிய முதல் தீர்மானம் அது. அடுத்த வருடப் படிவத்தில் எழுத வேண்டும் என்று குறித்தும் வைத்துக்கொண்டேன்.

தீர்மானத்தை நிறைவேற்றக் கடப்பாரையோடு கல்லறை மேட்டுக்குப் போனேன். குப்பம்மாள் குழிக்குப் பக்கத்தில் காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். கடப்பாரையைப் பார்த்தாள்.

“இன்னா செகரட்டரி,” என்றாள், “ரம்பம் எடுத்தாரலயா?”