திருவானைக்காவில் நின்ற ஜீப்பும் ஜோதிக்கு எடுத்த சேலையும்

திருவெள்ளறை,
ஞாயிற்றுக்கிழமை.

துவாக்குடியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் என் உடன்பிறந்த தம்பி அடைக்கலத்துக்கு, மூத்தவள் இருசம்மாள் எழுதுவது. இங்கே நானும் இரண்டு மாடும் உயிரோடு இருக்கிறோம். உன் நலத்தைக் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் சௌக்கியமா என்று கேட்கிற அளவுக்குப் புத்தி கெட்டவள் இல்லை. நாலு தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. கடிதத்தை அப்படி கட் பண்ண முடியாது, பிரித்துத்தான் ஆக வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை ஜோதியை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் நான் வந்து சேர்ந்தேன். வேண்டுமென்றே செய்தேன் என்று உன் வீட்டில் பேச்சு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உன் மகள் பிரேமலதா, "வண்டி நின்னுருச்சாக்கும், அத்தை?" என்று கேட்டாள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், துக்கத்தில் இல்லை, சிரிப்பை மறைக்க. சாவு வீட்டில் வா என்று சொல்லக் கூடாது, அது எனக்கும் தெரியும். முகத்தைப் பார்க்கக் கூடாது என்று எந்த ஊரிலும் முறை கிடையாது. சுடுகாடு போய்த் திரும்பியிருந்த நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவள் எதை வைத்துக் கேட்டாள் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் உன் மச்சான் போனபோது, அவரை எடுக்குமுன் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை என் மேல் விழ வேண்டும் என்று ஒரு மணியிலிருந்து நாலரை மணி வரைக்கும் அவரை வாசலில் போட்டுக்கொண்டு காத்திருந்தோம். நீ வரவில்லை. பங்காளி வீட்டுச் சேலையைப் போர்த்தி, எடுத்துவிட்டார்கள். நீயும் ஜோதியும் ஐந்தே காலுக்கு வந்தீர்கள். வேன் திருவானைக்காவில் நின்றுவிட்டது என்றாய். சாட்சிக்கு வண்டியின் அறுந்த ஃபேன் பெல்ட் ஒன்றை நீட்டினாய். அறுந்த பெல்ட் எந்தப் பட்டறைக் குப்பையிலும் கிடைக்கும் என்று நான் ஊர் கேட்கச் சொன்னேன். ஜோதி அழுதுகொண்டே, "சத்தியமாங்க அண்ணி" என்றாள். அவள் அன்றைக்குக் கட்டியிருந்தது நீலச் சேலை, மஞ்சள் கரை, ரவிக்கையில் இடது கைத் தையல் பிரிந்திருந்தது. நான் எதையும் மறக்கிறவள் இல்லை. அன்றிலிருந்து போன செவ்வாய் வரைக்கும் உன் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

இப்போது ஜீப்புக்கு வருகிறேன். என் பேரன் கலையரசன் இருக்கிறானே, முக்கொம்புப் பக்கம் ஞாயிறுதோறும் ஜீப்பைச் சேற்றில் இறக்கி ஏற்றுகிற ஒரு கூட்டத்தில் சேர்ந்திருக்கிறான். சேறு நம் வயலிலேயே கிடக்கிறது, அங்கே இறங்கச் சொன்னால் இடுப்பு வலிக்கிறது. அந்தக் கூட்டத்தில் எல்லாருடைய வண்டியும் உயரமாம், இவனுடையது மட்டும் குட்டையாம். அதனால் உன் மச்சான் ஆசையாக வாங்கின ஜீப்பை மாட்டுக் கொட்டகையில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சாமான்களைப் போனிலேயே வரவழைத்து, அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை கொடுத்து ஒரு சாண் உசத்திவிட்டான். பால் கறக்கிற ஸ்டூலைப் போட்டுத்தான் நான் ஏற வேண்டியிருந்தது. இறங்கும்போது ஸ்டூல் வண்டிக்குள் இருக்கும், நான் அந்தரத்தில் இருப்பேன்.

உசத்தின மறுநாளே வண்டி நடுங்க ஆரம்பித்தது. நாற்பதில் போனால் என் கட்டிய பல் ஆடியது, ஐம்பதில் போனால் வெற்றிலைப் பெட்டி தானாகத் திறந்துகொண்டது. அடியில் கடக் கடக் என்று யாரோ சுத்தியால் தட்டுகிற மாதிரி சத்தம். கேட்டால், "அது செட் ஆகுது அப்பாயி" என்றான். பாலக்கரை மெக்கானிக் வசீம் கீழே படுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகிற ஷாஃப்ட் பழைய நீளத்திலேயே இருக்கிறதாம். வண்டி உசந்ததும் அது ரொம்பவும் சாய்ந்து, நுனியில்தான் பிடித்துக்கொண்டிருக்கிறதாம், சாய்வு தாங்காமல் அதன் மூட்டில் இருக்கிற கிராஸ் என்கிற சிலுவை இரும்பு தேய்கிறதாம். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மச்சை உசத்தினால் ஏணியையும் நீளமாக்க வேண்டும். இவன் பழைய ஏணியையே இழுத்துச் சாத்தியிருக்கிறான். ஷாஃப்டை நீளமாக்க நல்ல லேத் வேண்டும், துவாக்குடிக்குப் போங்கள் என்று வசீம் சொன்னான். துவாக்குடியில் யாருடைய லேத் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது என் தப்பு என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை சேதி வந்ததும் பத்தரைக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். ஸ்ரீரங்கத்தில் சேலை எடுத்தேன், சாத்தார வீதியில் மாலை வாங்கினேன். நாத்தனார் கையால் எண்ணெய் சீயக்காய் வைத்து, சேலை போட்டு அனுப்ப வேண்டும் என்பது எனக்கும் தெரியும். திருவானைக்காவில் திரும்பும்போது அடியில் டமார் என்று ஒரு சத்தம். ஷாஃப்ட் கழன்று ரோட்டில் விழுந்து, தீப்பொறி பறக்க இழுபட்டு நின்றது. மணி பன்னிரண்டரை. பாலக்கரையிலிருந்து வசீம் வந்து சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். பின் ஷாஃப்டைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு, முன் சக்கரத்தை மட்டும் வைத்து இழுத்துக்கொண்டு போகலாம் என்று வழி சொன்னான். அதுவரைக்கும் ஒரு டயர் கடை நிழலில் ஸ்டூலைப் போட்டு, மடியில் மாலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாலையை ஒரு மாடு மூன்று தடவை முகர்ந்து பார்த்தது. அன்றைக்கு முகூர்த்த நாள், ஆட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை. டவுன் பஸ்ஸில் நான் ஏற மாட்டேன் என்று உனக்கே தெரியும், எண்பத்தெட்டில் ஒரு கண்டக்டர் என் முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்து, "இதுக்கும் ஒரு டிக்கெட் போடவா கெழவி" என்று கேட்டான். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது.

உன் வாசலுக்கு வந்தபோது மணி ஐந்தே கால்.

அந்த உடைந்த கிராஸைத் துணிப்பையில் போட்டு இந்தக் கடிதத்தோடு கலையரசன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ இரும்போடு பிழைக்கிறவன். அன்றைக்கு உடைந்ததா, குப்பையில் பொறுக்கினதா என்று உடைந்த இடத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். பதினாறாம் நாள் அடுத்த வாரம் புதன்கிழமை வருகிறது. நீ நம்பினால் பேசாமல் வைத்துக்கொள், நான் வருகிறேன். நம்பாவிட்டால் அவன் கையிலேயே திருப்பி அனுப்பு, வர மாட்டேன். உன் பெல்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கலாம். இதை மன்னிப்பு என்று படித்துக்கொள்ளாதே. அந்த பெல்ட்டை நான் தூக்கி எறிந்தேன் என்று ஊர் சொல்கிறது. எறியவில்லை. கொட்டகைக் கதவை அதால்தான் கட்டியிருக்கிறேன். இதுவரைக்கும் ஒரு மாடு அவிழ்த்துக்கொண்டு போனதில்லை.

ஜோதி படத்துக்கு முன்னால் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. வீட்டுச் சின்னவர்களுக்கு என் ஆசி, பிரேமலதாவுக்குப் பாதி.

இப்படிக்கு,
உன் அக்காள்
இருசம்மாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன், கை ஓடவில்லை. கிராஸ் உடைந்தது நிஜம். ஆட்டோ கிடைக்கவில்லை என்று எழுதினேனே, அது பொய். ஜீப் நின்ற கால் மணியில் ஒரு ஆட்டோ வந்தது. டிரைவர் இறங்கி, "துவாக்குடிதானேங்க, ஒரு மணி நேரத்துல விட்டுர்றேன், ஏறுங்க ஆத்தா" என்றான். கலையரசன் மாலையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டான். நான்தான் வெளியே எடுத்தேன். ஜோதி முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது சத்தியமாங்க அண்ணி என்று அழுத முகம். அதற்கு எண்ணெய் வைக்க எனக்குக் கை வரவில்லை. பேரனுக்குத் தெரியும், சொல்ல மாட்டான். அன்றைக்குத் திருவானைக்காவில் உனக்கும் ஒரு ஆட்டோ வந்திருக்குமோ என்று ஐந்து நாளாக யோசிக்கிறேன். நான் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம். கிராஸை வைத்துக்கொண்டாலும் சரி, திருப்பி அனுப்பினாலும் சரி, புதன்கிழமை வருவேன். எடுத்த சேலை இங்கேயே இருக்கிறது, நீலம், மஞ்சள் கரை. படையலில் வைக்க வேண்டும். விடியற்காலை முதல் பஸ்ஸில் வருகிறேன்.