வெள்ளை ராணியும் ஐந்து சுவர்ப்பெட்டிகளும்

அக்டோபர் மாதம் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு, வெள்ளை ராணியின் கிரீடம் இடப்பக்கமாகச் சாய்ந்தது. அப்போது சாக்லேட்காரரின் அறைச் சுவரில் இருந்த வெப்பநிலைப் பெட்டி இருபத்தாறு டிகிரி காட்டியது. அந்த அறையில் இருக்க வேண்டிய அளவு பதினெட்டு.

ராணி, சதுரங்க மன்றத்தின் ஆண்டு விழாவுக்காக வெள்ளைச் சாக்லேட்டில் வார்க்கப்பட்டவள். அவளையும் சேர்த்து முப்பத்திரண்டு காய்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மன்றத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். அச்சக வேலையை விட்டுவிட்டு, ஏழு மாதங்களாக வீட்டிலேயே சாக்லேட் செய்து வந்த சாக்லேட்காரருக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் அது. அது தவறினால், திங்கட்கிழமை முதல் அவர் மச்சானின் டயர் கடையில் உட்கார வேண்டும் என்பது குடும்பத்தில் ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டிருந்தது. மச்சான் அதற்கென்று ஒரு நாற்காலியும் வாங்கிப் போட்டுவிட்டார்.

"என்னங்க, ராணி ஏன் தலையைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கிறா?" என்று அறை வாசலில் நின்று கேட்டார் மனைவி. அவர் தையல் வேலை செய்பவர்; கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"ராத்திரி பூரா மெஷின் சூடா ஊதியிருக்கு. நீதானே வச்சே?"

"நான் என் ரூமுக்குத்தான் வச்சேன். அளவு குடுக்க வர்றவங்க நடுங்கறாங்க. போன வாரம் ஒருத்தங்க நடுங்கின நடுக்கத்துல இடுப்பளவு மூணு விதமா வந்துச்சு. எதை வச்சு நான் துணி வெட்டறது?"

சாக்லேட்காரர், வீட்டுக்குக் குளிரும் சூடும் ஊதும் மெஷினைப் பொருத்திய மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், வீட்டுக்கு மெஷின் ஒண்ணுதான்" என்றார் மெக்கானிக். "ரூமுக்கு ஒரு பெட்டி, ரூமுக்குப் போற குழாய்ல ஒரு தகடு. பெட்டி கேட்டா தகடு திறக்கும். போதும்னா மூடிக்கும்."

"நான் குளிர் கேட்டிருக்கேனே?"

"நீங்க குளிர் கேட்டீங்க, அம்மா சூடு கேட்டாங்க. ஒரே மெஷின் ஒரே நேரத்துல ரெண்டையும் ஊத முடியாது. எந்தப் பக்கம் ரூம் அதிகமோ, அந்தப் பக்கம் போகும்."

"ரெண்டு பக்கமும் சமமா இருந்தா?"

"ஏற்கெனவே எது ஓடிட்டு இருக்கோ, அதையே ஓட்டும்."

"இது என்னய்யா நியாயம்?"

"நியாயம் இல்ல சார், மெஷின்."

சாக்லேட்காரர் ஒரு தாளில் கணக்கெடுத்தார். சூட்டின் பக்கம் மனைவியும் மாமியாரும். குளிரின் பக்கம் அவரும், தினமும் ஓட்டப் பயிற்சி முடித்து வியர்வையோடு வரும் மகளும். இரண்டுக்கு இரண்டு. இரவு ஓடிய சூடே தொடர்ந்ததன் காரணம் தெளிவாயிற்று. மீதி இருந்தது விருந்தினர் அறை. அதில் எவரும் இல்லை. பெட்டியும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"ஆளில்லாத ரூமுக்கும் ஓட்டு உண்டா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பெட்டி ஓடிட்டு இருந்தா உண்டு சார்."

முதலில் அவர் முதலுதவி செய்தார். அவர் அறையில் ஒரே ஓர் அலமாரிப் பலகை இருந்தது. அது சுவர்ப்பெட்டிக்கு நேர் கீழே இருந்தது. அதன் மேல் இரண்டு தட்டு ஐஸ் வைத்தார். ஒரே ஓர் ஆணியும் இருந்தது. அது பெட்டிக்கு நேர் மேலே இருந்தது. அதில் ஒரு துண்டை நனைத்துத் தொங்கவிட்டார். துண்டின் நுனி ஐஸில் தோய்ந்தது. மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு ஓசைப்படாமல் விருந்தினர் அறைக்குப் போய், அங்கிருந்த பெட்டியை இயக்கிக் குளிருக்குத் திருப்பிப் பதினாறு டிகிரி வைத்தார்.

இப்போது மூன்றுக்கு இரண்டு. அவர் ஒரு மணி நேரம் காத்திருந்தார். மெஷின் அசராமல் சூடாகவே ஊதியது. மேசை மேல் இருந்த வெப்பமானி இருபத்தேழு காட்டியது. ஒரு வெள்ளைச் சிப்பாய் முழங்கால் மடிந்தான்.

மூன்று பேர் இரண்டு பேரிடம் தோற்க வேண்டுமானால் மூவரில் ஒருவர் கட்சி மாறியிருக்க வேண்டும். சாக்லேட்காரர் நேராக மகளின் அறைக்குச் சென்றார்.

"உன் அம்மா உனக்கு என்ன தர்றேன்னு சொன்னா?"

"எதுக்கு?"

"சூட்டுக்கு மாறினதுக்கு."

மகள் ஷூவின் கயிற்றைக் கட்டுவதை நிறுத்தவில்லை. "பெட்டி அங்க இருக்கு, பாத்துக்கோங்க. பதினேழு. நான் ஒண்ணும் கட்சி மாறல. சொந்தப் பொண்ணையே சந்தேகப்படறீங்களே, நல்லா இருப்பீங்களா அப்பா?"

அவர் வெட்கப்பட்டுத் திரும்பினார். அறைக்கு வந்து ஐஸை நான்கு தட்டாக்கினார். பகல் பன்னிரண்டு மணிக்கு வேறு வழி தெரியாமல், ஒரு தட்டில் கறுப்புக் குதிரையை வைத்துக்கொண்டு மாமியாரின் அறைக்குப் போனார்.

"அத்தை, ஒரு ரெண்டு நாளைக்கு உங்க பெட்டியை அணைச்சு வச்சா நல்லா இருக்கும்."

"ஓட்டுக்குக் குதிரையா, மாப்பிள்ளை?"

"அப்படி இல்ல அத்தை. ருசி பாக்கத்தான்."

மாமியார் குதிரையைத் தலையிலிருந்து தொடங்கி வால்வரை முறையாகத் தின்றார். விரல்களைத் துடைத்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். பிறகு சாக்லேட்காரரின் மனைவியைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை காலையில் விருந்தினர் அறைக்குள் பூனை மாதிரி போய்வந்ததைச் சொன்னார்.

பத்து நிமிடத்தில் விருந்தினர் அறைப்பெட்டி சூட்டுக்கு மாறி முப்பது டிகிரிக்கு ஏறியது. கதவு பூட்டப்பட்டது. சாவி அளவு நாடாவின் நுனியில் முடிச்சுப் போடப்பட்டு மனைவியின் கழுத்தில் தொங்கியது.

"ஆளே இல்லாத ரூமுக்குக் குளிர் எதுக்குங்க?" என்று கேட்டார் மனைவி.

"ஆளே இல்லாத ரூமுக்குச் சூடு எதுக்கு?"

"நீங்க தொடங்கினீங்க."

வெள்ளிக்கிழமை காலை மெக்கானிக் நேரில் வந்தார். அவருக்கு வேறு மூன்று வீடுகள் காத்திருந்தன. சாக்லேட்காரரின் வேண்டுகோளைக் கேட்டுவிட்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த மெஷினின் தலைமைப் பலகையைத் திறந்து, ஏதோ ஒரு பொத்தானை நகர்த்தி, மூடினார்.

"முதல் உரிமை உங்க ரூமுக்குக் குடுத்தாச்சு சார். இனிமே உங்க பெட்டி குளிர் கேட்டா, மத்த நாலும் வாயை மூடிட்டு இருக்கணும். ஓட்டெல்லாம் அதுக்கப்புறம்தான்."

"பெரும்பான்மை வேண்டாமா?"

"வேண்டாம். உங்க பெட்டி கேட்டா போதும்."

அன்று காலை பத்து மணிக்கு அந்த வீட்டில் மக்களாட்சி முடிவுக்கு வந்தது. மனைவி அளவு நாடாவைக் கழற்றி மேசை மேல் எறிந்தார். சாக்லேட்காரர் வெற்றியைக் காட்டிக்கொள்ளாமல் அறைக்குப் போய், பாதுகாப்புக்காகப் பக்கத்து வீட்டிலிருந்தும் ஐஸ் வாங்கி வந்து ஆறு தட்டாக்கி, இரண்டாவது மின்விசிறியையும் வைத்தார்.

மெஷின் சூடாக ஊதியது.

மாலைக்குள் கறுப்பு மந்திரிகள் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்த மூன்று குதிரைகளும் முகம் நீண்டு கழுதைகளாயின. யானைகள் தங்கள் கட்டத்திலேயே படுத்துக்கொண்டன. வெள்ளை ராஜாவை ராஜா என்று அடையாளம் காட்ட ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்தபோது, அவர், "உரிமை உங்ககிட்டதான் சார் இருக்கு" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார். மனைவி மெக்கானிக்குக்குக் காபி கொடுத்தது நினைவுக்கு வந்தது. சாக்லேட்காரர் அதைத் தாளில் குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வெப்பமானி இருபத்தெட்டைத் தொட்டபோது, அவர் கூடத்துக்கு வந்து எல்லோர் முன்னிலையிலும் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

"திங்கட்கிழமை டயர் கடைக்குப் போறேன். மச்சானுக்குச் சொல்லிடு."

சொல்லத் தேவையிருக்கவில்லை. மனைவியின் அண்ணனான மச்சான் பத்தரை மணிக்கே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர்கள் போடும் நீலச் சட்டைக்குத் துணியும் கொண்டுவந்திருந்தார்.

மனைவியின் முகம் ஒரு கணம் வாடியது. அவர் சண்டை போட்டது சூட்டுக்காகத்தான். கணவர் டயர் விற்க வேண்டும் என்பதற்காக அல்ல. ஆனாலும் வேலை வேலைதான். நாடாவை எடுத்தார்.

"நேரா நில்லுங்க. மூச்சைப் பிடிக்காதீங்க." மார்பளவைக் குறித்துக்கொண்டார். "பாத்தீங்களா, நடுங்காம நிக்கிறீங்க. ஒரே தடவையில அளவு சரியா வருது."

"சந்தோஷம்" என்றார் சாக்லேட்காரர்.

"வீணாப் போற யானையை நான் தின்னலாமா?" என்று கேட்டுக்கொண்டே மச்சான் சாக்லேட் அறைக்குள் போனார். தின்றார். கையெல்லாம் பிசுபிசுத்தது. துடைத்துக்கொள்ள ஆணியில் தொங்கிய ஈரத்துண்டை இழுத்தார். துண்டுக்குப் பின்னால் சுவர்ப்பெட்டி இருந்தது. மச்சான் அதைப் பார்த்தார். கீழே இருந்த ஆறு தட்டு ஐஸைப் பார்த்தார். மேசை மேல் இருந்த வெப்பமானியைப் பார்த்தார்.

"மாப்ளே! கொஞ்சம் இங்க வாங்க."

எல்லோரும் போனார்கள்.

"மூணு நாளா நீங்க குளிர வச்சது சாக்லேட்டை இல்ல மாப்ளே, இந்தப் பெட்டியை. அது பதிமூணு டிகிரியில சுகமா இருக்கு. அது எதுக்குக் குளிர் கேக்கும்? மத்த ரூம் சூடெல்லாம் கதவு வழியா இங்க வந்து சாக்லேட்டை உருக்குது."

அவர் ஐஸ் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். பெட்டியில் எண் பதிமூன்றிலிருந்து மெல்ல ஏறியது. பத்தொன்பதைத் தொட்டபோது கூரைக்குள் ஒரு தகடு டப்பென்று திறந்தது. தயாராகக் காத்திருந்ததைப் போலக் குளிர்ந்த காற்று இறங்கியது.

இறுதியில் எட்டப்பட்ட முடிவுகள் பின்வருமாறு. மீதிக் காய்கள் மீண்டும் உருக்கி வார்க்கப்பட்டு, தின்னப்பட்ட இரண்டும் புதிதாகச் செய்யப்பட்டு, ஞாயிறு காலை ஒன்பது மணி ஐம்பது நிமிடத்துக்கு மன்றத்தில் ஒப்படைக்கப்பட்டன. முதல் உரிமை ரத்து செய்யப்பட்டது. முற்பகலில் குளிர், பிற்பகலில் அளவெடுக்கும் நேரத்தில் சூடு என்று ஏற்பாடாயிற்று. விருந்தினர் அறைப்பெட்டி அணைக்கப்பட்டது. ஐஸ் தட்டுகள் சமையலறையை விட்டு வெளியே வரக்கூடாது. மகளிடம் மன்னிப்புக் கேட்கப்பட்டது. நீலத் துணி, அளவெடுத்தாகிவிட்டபடியால், சட்டையாகவே தைக்கப்பட்டது. சாக்லேட்காரர் அதைப் போட்டுக்கொண்டுதான் அடுத்த ஆர்டருக்கு வேலை செய்கிறார். மாமியார் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதால், அவருடைய பெட்டியைப் பற்றி முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை.