அண்ணன் காரும் நூற்று எழுபது மருந்துக் கவர்களும்

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த நலம் இந்தக் கடிதத்தின் கடைசி வரி வரை நீடிக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் கார் நன்றாக இருக்கிறது. நடுவில் எது வந்தாலும் இந்த வரிக்குத் திரும்பி வந்து ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் நீங்கள் குறுக்கே கேள்வி கேட்பீர்கள், நான் தடுமாறுவேன், அதனால்தான் கடிதம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வண்டியை எடுக்க வருவதற்குள் இது கைக்குக் கிடைத்துவிட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாற்றலாகிப் போனபோது அந்தப் பச்சை நிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை என் ஷெட்டில் நிறுத்தி, துணி போர்த்தி, விரலை நீட்டி நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. “வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடு. வேற எதையும் தொட்டுடாதே.” ஆறு மாதம் அப்படியே செய்தேன். ஏழாவது மாதம் ஒரு நாள் வண்டி கிளம்பவில்லை. சரி, என்னவென்று பார்ப்போம், பார்க்க மட்டும்தான் என்று பானெட்டைத் திறந்தேன். பார்ப்பதற்கு ஒரு குழாய் மறைத்தது, அதைக் கழற்றினேன். அதன் பின்னால் ஒரு தகடு துருப்பிடித்திருந்தது, அதைக் கழற்றாமல் விட மனசு வரவில்லை. அந்தத் தகட்டைப் பிடித்திருந்த போல்ட் வேறு எதையோ பிடித்திருந்தது, அதுவும் கையோடு வந்தது. டிரைவர் சீட்டைத் தூக்கினால் அடியில் ஷெட்டின் தரை தெரிந்தது. இப்படியே போய், கழற்றத் தொடங்கிய மூன்றாவது மாதக் கடைசியில் ஷெட்டில் கார் இல்லை அண்ணா. ஒரு கார் செய்யத் தேவையான எல்லாம் இருந்தது.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றவில்லை. நாற்பத்தோரு வருஷம் மருந்துக் கடையில் நின்றவன், ஒரு மாத்திரை மாறியதாக யாரும் சொன்னதில்லை. கழற்றிய ஒவ்வொன்றையும் மருந்து போடுகிற பழுப்புக் கவரில் போட்டு, மேலே எழுதி வைத்தேன். கை பழக்கத்தில் வந்ததையே எழுதினேன். வண்டியின் முன்பாதி என்றால் ‘சாப்பாட்டுக்கு முன்’, பின்பாதி என்றால் ‘சாப்பாட்டுக்குப் பின்’. இடது பக்கம் ‘காலை’, வலது பக்கம் ‘இரவு’. நடுவில் இருப்பது ‘தேவைப்பட்டால் மட்டும்’. மொத்தம் நூற்று எழுபது கவர். அலமாரியில் அடுக்கியபோது எனக்கே கண்பட்டுவிடும் போலிருந்தது.

கண்பட்டது வெளியாள் கண் இல்லை. நான் கண் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தால் கவர் ஒன்றையும் காணவில்லை. அலமாரி முழுக்க டப்பாக்கள். டப்பாவின் மேல் ‘நீளமானவை’, ‘உருண்டையானவை’, ‘துளை உள்ளவை’, ‘துளை இல்லாதவை’, ‘இதர’ என்று சீட்டு. உங்களுக்குத் தெரியாததா, என் வீட்டுக்காரி முப்பது வருஷம் நூலகத்தில் இருந்தவள், எண்ணெய் ஊறிய காகிதத்தைக் கண்டால் அவளுக்குத் தூக்கம் வராது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். “ஏங்க, மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கீங்க? எல்லாம் பதிவேட்டுல இருக்கு” என்றாள். நிஜமாகவே இருந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு எண், அந்த எண்ணைச் சீட்டில் எழுதி நூலால் கட்டி, கவரில் நான் எழுதியிருந்ததை ஒரு எழுத்து மாறாமல் எதிரே எழுதியிருந்தாள். இருந்தாலும் கை மாறினால் பிழை வரும் என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். அப்படி ஏதாவது வந்தால் அது அவள் பிழையாக இருக்கும், நான் முன்கூட்டியே மன்னித்துவிட்டேன்.

திரும்ப மாட்டுவதற்கு ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். எதைக் கேட்டாலும் “பாக்கலாம்” என்பதால் தெருவில் அவருக்குப் பெயரே ‘பார்க்கலாம்’. “இது ஓடுமா?” “பாக்கலாம் சார்.” “அண்ணன் வர்றதுக்குள்ள முடியுமா?” “பாக்கலாம்.” அவருடைய ஸ்பேனர் எல்லாம் மில்லிமீட்டர், உங்கள் கார் முழுக்க அங்குலம், ஒன்று நட்டைச் சுற்றி ஆடியது, இல்லாவிட்டால் உள்ளேயே போகவில்லை. பழைய இரும்புக் கடையில் அங்குல ஸ்பேனர் தேடியெடுக்கவே இரண்டு வாரம் ஆனது. சீட்டுக்கடியில் துருவரித்துப் போயிருந்த தரைத் தகட்டை வெல்டர் புதிதாக வைத்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரி பதிவேட்டைப் பார்த்து “எண் நாற்பத்தி மூணு, சாப்பாட்டுக்கு முன், காலை” என்று வாசிப்பாள், பார்க்கலாம் அதை வாங்கி முன்பக்கம் இடது பக்கத்தில் மாட்டுவார். கம்பிச் சக்கரங்களை மாட்டும்போது அவர் ரொம்ப ரசித்தார். சக்கரத்துக்கு நாலு நட்டு இல்லை, நடுவில் இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டு, சுத்தியலால் காதில் தட்டினால் இறுகிவிடும்.

கடைசியில் கார்புரேட்டர். இந்த வண்டிக்கு இரண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் என்ஜின் சீராக ஓடுமாம். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொன்றின் வாயிலும் வைத்துக் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். பார்க்கலாம் கேட்டார், நான் கேட்டேன், எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் குழாயை வாங்கிக் காதில் வைத்தாள். “முன்னாடி இருக்கறது கொஞ்சம் ஜாஸ்தி பேசுது. குறைங்க. இன்னும் கொஞ்சம். ம், இப்ப ரெண்டும் ஒழுங்கா இருக்கு” என்றாள். வாசிப்பறையில் மூலையில் யார் கிசுகிசுத்தாலும் பிடித்துவிடுகிற காது அது. நேற்று மதியம் சாவியைத் திருப்பினேன். இருமியது, ஒரு முறை செத்தது, அப்புறம் பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் நின்ற இடத்தில் ஓடியது அண்ணா. நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஒன்றரை வருஷமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது, ராத்திரி எட்டு மணிக்கே தூங்கிவிட்டேன்.

எதற்கு இவ்வளவு பயந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளில் உங்கள் சைக்கிளைப் பிரித்து நான் பூட்டிக் கொடுத்தேன், பரீட்சை அன்று பாதி வழியில் பெடல் கழன்று நீங்கள் விழுந்தீர்கள். அதற்கப்புறம் எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றாலும் “அம்மா, அவன்கிட்ட உப்பை நகர்த்தச் சொல்லு” என்பீர்கள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கார் போனால் இன்னொரு கார் கிடைக்கும். அந்த எட்டு மாதம் மறுபடி வந்தால் இந்த வயதில் எனக்குத் தாங்காது. ஆனாலும் அந்தப் பெடல் விஷயத்தில் என் மேல் தப்பில்லை, சைக்கிளே சரியில்லை என்று அன்று சொன்னதைத்தான் இன்றும் சொல்வேன். அது கிடக்கட்டும். ஓட்டிச் சோதிப்பதற்காக மெக்கானிக் பார்க்கலாம் இப்போதுதான் காரை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றப் போயிருக்கிறார், உறையை ஒட்டுவதற்குள் வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சாவி கொக்கியில் தொங்குகிறது, நேராக ஓட்டிக்கொண்டு போகலாம். அண்ணிக்கு எங்கள் இருவரின் வணக்கம். உங்கள் ஆசி என்றும் வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக.

பாசமுள்ள தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டவில்லை. பார்க்கலாம் நாற்பது நிமிஷம் கழித்து வந்தார். ரிவர்ஸில் வந்தார். கழுத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டு, தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, மெதுவாக, நேராக ஷெட்டுக்குள் வந்து நிறுத்தினார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பாக்கலாம் என்று சொல்லாமல் “பாத்துட்டேன் சார்” என்றார். முன்னால் போனால் முன் சக்கரம் இரண்டின் நட்டும் தானாகக் கழல்கிறதாம். சுத்தியலால் இறுக்கிவிட்டுப் பத்து வீடு தாண்டுவதற்குள் மறுபடி கழல்கிறதாம். பின்னால் வந்தால் கல் மாதிரி இறுகுகிறதாம். சக்கரம் சுற்றும்போது நட்டு இறுகுவதற்காக இடது பக்கத்து நட்டுக்கு ஒரு திசையில் சுற்றும் மரை, வலது பக்கத்துக்கு அதற்கு நேர் எதிர் மரை. முன்பக்கம் நட்டும் அது ஏறுகிற ஹப்பும் ஜோடியாகவே இடது வலது மாறிவிட்டன.

நான் என் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் உள்ளே போய், எறிந்துவிட்டதாக நான் நினைத்த கவர்களைக் கட்டாகக் கொண்டுவந்து போட்டாள். பதிவேட்டில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. என் கையெழுத்தில்தான் தப்பு. முன்பக்கத்தைக் கழற்றும்போது நான் காருக்கு எதிரே, அதன் முகத்தைப் பார்த்து உட்கார்ந்து எழுதினேன். நாற்பத்தோரு வருஷம் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று எதிரே நிற்பவரைப் பார்த்தே பழகியவன், என் இடது கைப் பக்கம் வந்ததை எல்லாம் ‘காலை’ என்று எழுதிவிட்டேன். காருக்கு அது வலது. அவளை முன்கூட்டியே மன்னித்தேன் என்று எழுதிய வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அவள் அதை ஏற்கெனவே படித்துவிட்டாள்.

சரிசெய்ய ஒரு நாள் வேலைதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டேன், பார்க்கலாம் பழையபடி ஆகிவிட்டார். போகிறபோது “சைக்கிள் பெடலும் இப்படித்தான் சார், இடதுக்கு ஒரு மரை, வலதுக்கு ஒரு மரை. மாத்திப் போட்டு முறுக்கினா போச்சு” என்றார். அன்றைக்கு உங்கள் சைக்கிளுக்கு முன்னால், அதன் முகத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன் அண்ணா. ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன், சைக்கிள் மேல் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், ஆனால் என்னிடமே பேசித் திட்டுங்கள்.